மறை வந்த வழியும் மொழி நின்ற நிலையும்

(தமிழ்க்காப்புக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'கிறித்தவமும் இசுலாமும் வளர்ந்த வரலாறு' என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. 2,000 ஆண்டு வரலாற்றை ஒரு மாலைப் பொழுதில் அளந்துவிட எவராலும் இயலாது. ஆகவே ஒரே ஓர் இழையை மட்டும் பற்றிக்கொண்டு செல்ல எண்ணுகிறேன். அவ்விழை மொழி. இவ்விரு நெறிகளுள் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று எடைபோட நான் இங்கு வரவில்லை. அது நம் வேலையும் அன்று. ஒரு மறை ஓர் இனத்தாரிடம் வந்து சேரும்பொழுது அவ்வினத்தாரின் மொழிக்கு என்ன நேர்கிறது என்பதே என் வினா.

நம்மவரிடையே இதுபற்றி ஒரு கருத்து நெடுநாளாக உலவி வருகிறது. கிறித்தவம் தன் மறையை எல்லா மொழிகளிலும் பெயர்த்தது, ஆதலின் மொழிகள் வாழ்ந்தன. இசுலாம் அரபியை விட்டு அகலவில்லை, ஆதலின் மொழிகள் மாண்டன என்பது அக்கருத்து. மேடைக்கு மிக எளிய கருத்து. கைதட்டும் வாங்கித் தரும். ஆனால் வரலாற்றின் முன் அது நில்லாது. ஏன் நில்லாது என்று காட்டுவதே இவ்வுரை.

இரு நெறிகளும் உடன்பிறப்பு மொழிகளிலேயே தோன்றின. ஏசு பெருமான் பேசிய மொழி அரமேயம்; நபிகள் நாயகம் பேசிய மொழி அரபி. இரண்டும் செமித்தியக் குடும்பத்தவை. பின்னர் நேர்ந்ததைப் பாருங்கள். ஏசு சொன்ன சொற்கள் அவர் சொன்ன மொழியில் நமக்கு வந்து சேரவில்லை. நற்செய்தி நூல்கள் நான்கும் கிரேக்க மொழியிலேயே நமக்குக் கிடைத்துள்ளன. அக்கிரேக்கத்தினிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அரமேயச் சொற்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 'அப்பா'. தந்தை என்பதே அங்கும் பொருள். கேட்டவுடன் உங்கள் முகங்கள் மலர்வது தெரிகிறது! ஆயினும் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவு நாட்டிவிடுதல் மொழிநூல் முறையாகாது. குழந்தையின் வாய்க்கு எளிய ஒலிகள் உலகெங்கும் ஒத்திருத்தல் உண்டு. அது நிற்க.

திருக்குரானோ அருளப்பெற்ற மொழியிலேயே இன்றுவரை ஓதப்பெறுகிறது. மூன்றாம் கலீபாவாகிய உதுமானின் காலத்தில், 650-ஐ ஒட்டி, அதன் சீர்ப்படி ஒன்று வகுக்கப்பெற்று நாடுகளுக்கு விடுக்கப்பெற்றது. பிறமொழியில் எழுதினால் அது பொருள்விளக்கமே அன்றித் திருக்குரான் ஆகாது என்பது அந்நெறியாரின் உறுதியான கொள்கை.

இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? கொள்கையிலிருந்து மட்டும் வந்ததாக நான் கருதவில்லை. வந்த வழியையும் பார்க்கவேண்டும். கிறித்தவம் ஏறத்தாழ 300 ஆண்டுகள் அரசற்ற நெறியாக, வேட்டையாடப்பட்ட நெறியாக இருந்தது. 303-இல் தயோக்கிளேசியன் என்னும் உரோமைப் பேரரசன் அவர்களுடைய மறைநூல்களைத் தேடி எரிக்கக் கட்டளையிட்டான். 313-இல் கான்சுடன்டைன் அவர்களுக்கு உரிமை வழங்கினான். 325-இல் நிக்கேயாவில் ஆயர்களின் பேரவை, பேரரசன் அழைக்கக் கூடிற்று. 380-இல் தியோடோசியசு அதனையே அரசின் நெறி என்றான். இசுலாத்தின் வரலாறு வேறு. 610-இல் மக்காவில் முதல் அருள்வாக்கு. 622-இல் மதீனாவுக்குப் பெயர்ந்தவுடனேயே ஓர் ஆளுங்குமுகம் அமைந்துவிட்டது. 632-இல் நபிகள் மறைந்தார். அடுத்த 80 ஆண்டுகளுக்குள் அரபுப்படை மேற்கே இசுபானியத்திலும் கிழக்கே சிந்துவெளியிலும் நின்றது.

அரசில்லாத நெறி மக்கள் பேசும் மொழியைத் தேடிச் செல்லும்; வேறு வழி அதற்கில்லை. அரசுடைய நெறியிருக்கும் இடத்திற்கோ மக்களே அதன் மொழியைத் தேடி வருவர். இதனை மனத்திருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில் கிறித்தவம். நற்செய்தி எழுதப்பெற்ற கிரேக்கம் புலவர் கிரேக்கமன்று. துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் புழங்கிய கிரேக்கம். மேலை உரோமையில் மக்கள் பேசியது இலத்தீன். ஆகவே செரோம் என்னும் பெரும்புலவர் 382 முதல் 405 வரையிலான ஆண்டுகளில் மறைநூலை இலத்தீனில் ஆக்கினார். அப்பெயர்ப்புக்குப் பின்னாளில் நிலைத்த 'உல்காத்தா' என்னும் பெயரின் பொருளே 'பொதுவழக்குடையது' என்பதுதான்.

பின் என்ன ஆயிற்று? சில நூற்றாண்டுகளில் மக்களின் இலத்தீன் பிரெஞ்சாகவும் இத்தாலியமாகவும் இசுபானியமாகவும் திரிந்தது. கோயிலின் இலத்தீனோ அங்கேயே நின்றது. மக்களுக்காகத் திறக்கப்பெற்ற கதவே மக்களுக்கெதிரான பூட்டாயிற்று. ஆங்கிலத்தில் மறைநூல் வேண்டுமென முயன்ற விக்கிளிப்பு 1384-இல் இறந்தார். அவர் கொள்கைகள் பலவற்றை நெறிபிறழ்ந்தவை எனத் தீர்த்து, 1428-இல் அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தனர். வில்லியம் திண்டேல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டு 1526-இல் வெளிக்கொணர்ந்தார். 1536-இல் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று உடலைத் தீயிலிட்டனர். செருமானியத்தில் மார்ட்டின் இலூத்தர் 1522-இல் புதிய ஏற்பாட்டையும் 1534-இல் முழுநூலையும் வெளியிட்டார். அவரைக் காக்க ஒரு சிற்றரசர் இருந்தார், ஆதலின் பிழைத்தார். கத்தோலிக்கக் கோயில்களில் நாட்டுமொழி வழிபாட்டிற்கு வழிவிட்ட ஆவணத்தை இரண்டாம் வத்திக்கான் பேரவை ஏற்றது 1963-இல். 'கிறித்தவம் மொழிபெயர்த்தது' என்று ஒரே தொடரில் கூறிவிடுகிறோமே, அத்தொடருக்குள் எத்துணை நூற்றாண்டுச் சாம்பல் கிடக்கிறது பாருங்கள்!

இன்னொரு நிகழ்ச்சி நமக்கு மிக நெருக்கமானது. 863-இல் சிரில், மெத்தோடியசு என்னும் உடன்பிறந்தார் இருவர் மொராவிய நாட்டுச் சிலாவியரிடம் சென்றனர். அம்மக்களின் மொழிக்கென்றே புதிய எழுத்து வகுத்து மறைநூற் பகுதிகளையும் வழிபாட்டையும் அம்மொழியில் தந்தனர். எதிர்ப்பு எழுந்தது. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்று மட்டுமே இறைவனைப் போற்றத் தகுதியுடைய மொழிகள் என்று வெனிசு நகரில் குருமார் வாதிட்டனர். 'தேவபாடை' என்னும் சொல்லை நம் காதுகள் எத்துணை முறை கேட்டுள்ளன! பொய்க்கு நாட்டெல்லை இல்லை போலும். திருத்தந்தை இரண்டாம் அதிரியான் சிலாவிய வழிபாட்டை ஏற்றார், ஆனால் மெத்தோடியசு 885-இல் இறந்தபின் வந்த திருத்தந்தை அதனைத் தடுத்தார், மாணாக்கர் துரத்தப்பட்டனர். துரத்தப்பட்டோரைப் பல்கேரிய மன்னன் போரிசு வரவேற்றுப் பள்ளிகள் அமைக்க இடந்தந்தான். இன்று பல்கேரியரும் உருசியரும் எழுதும் எழுத்து அந்த ஏதிலியர் வழிவந்தவர் கைவண்ணமே. மொழி பிழைத்தது மறையால் மட்டுமன்று. அதனை ஏற்க ஓர் அரசு இருந்தமையாலுங்கூட.

அரசில்லாமலே பிழைத்தவரும் உண்டு. 405-ஐ ஒட்டி மெசுரோப்பு மாசுதோத்சு என்னும் துறவி ஆர்மீனிய மொழிக்கு 36 எழுத்துகளை வகுத்தார். அடுத்த ஒரு தலைமுறைக்குள் மறைநூலும் வரலாற்று நூல்களும் அவ்வெழுத்தில் பெருகின. ஆர்மீனியர் அதன்பின் பாரசீகர்க்கும் கிரேக்கர்க்கும் அரபியர்க்கும் துருக்கியர்க்கும் உட்பட்டுச் சிதறினர். ஏடெழுதுவதை மட்டும் விடவில்லை. இதற்கு நேர்மாறு கோத்தியர். அவர்களுக்கும் 4-ஆம் நூற்றாண்டில் உல்பிலா என்னும் ஆயர் எழுத்தும் மறைநூற் பெயர்ப்பும் தந்தார். வெள்ளி மையால் எழுதப்பெற்ற அந்நூலின் படியொன்று சுவீடன் நாட்டு உப்சாலாவில் இன்றும் இருக்கிறது. பேசுதற்கோ ஒரு கோத்தியரும் இல்லை.

இனி இசுலாம். அரபுப்படை சென்ற இடமெல்லாம் மறுநாளே அரபி வந்துவிடவில்லை. 7-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை சிரியாவின் அரசுக் கணக்கு கிரேக்கத்திலும் ஈராக்கின் கணக்குப் பாரசீகத்திலுமே எழுதப்பட்டு வந்தது. 685 முதல் 705 வரை ஆண்ட கலீபா அப்துல் மலிக்கே கணக்கேடுகளை அரபிக்கு மாற்றினார். அரபி எழுத்து மட்டுமே பொறித்த காசுகளை வெளியிட்டார். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்திலும் அதே ஆணை சென்றது. பள்ளிவாசலினும் கணக்குச்சாவடியே மொழிமாற்றத்தின் வாயில் என்பதை இவ்விடத்தில் கூர்ந்து நோக்கவேண்டும்.

எகிப்தைச் சற்று நின்று பார்ப்போம்; இதிலே நமக்குள்ள பாடம் மிகப் பெரிது. பாரோ மன்னர் காலத்து எகிப்திய மொழியின் கடைசி வடிவம் கோப்தியம். கிரேக்க எழுத்துகளோடு பழைய எகிப்திய எழுத்துகள் சிலவற்றையும் சேர்த்து அதனை எழுதினர். அதில் மறைநூற் பெயர்ப்பு இருந்தது, துறவிமடங்கள் இருந்தன, உரைநடை இருந்தது. எகிப்தியர் இசுலாத்திற்கு உடனே மாறிவிடவும் இல்லை. நெடுங்காலம் கிறித்தவராகவே இருந்தனர். ஆனால் அலுவல் வேண்டுமாயின் அரபி, வணிகம் வேண்டுமாயின் அரபி என்றானபின், கிறித்தவராய் இருந்துகொண்டே அவர்கள் அரபியராயினர். 12-ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய திருஅவைத் தலைவரே, மக்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகக் கோயிலில் அரபியைப் பயன்படுத்த இசைவு தந்தார். இன்று கோப்தியக் கிறித்தவரின் வீட்டுமொழி அரபி. கோப்தியம் வழிபாட்டில் மட்டும் ஒலிக்கிறது. 1822-இல் சாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் எகிப்தின் ஓவிய எழுத்தைப் படித்துக் காட்டினாரே, அதற்கு அவருக்குத் துணைநின்றது அவர் கற்றிருந்த கோப்தியமே. கல்லைப் பேசவைத்த மொழிக்குப் பேச ஆளில்லை. மறை பெயர்க்கப்பட்டிருந்தும் மொழி மாண்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எகிப்துக்கு நேர்ந்தது பாரசீகத்திற்கு ஏன் நேரவில்லை? பாரசீகர் ஏறத்தாழ முழுமையாகவே இசுலாத்தை ஏற்றனர். தொழுகையின் மொழியாக அரபியை ஏற்றனர். அரபியின் முதல்தரமான இலக்கணியருள் ஒருவராகிய சீபவைகி பாரசீகரே. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பாரசீகத்தில் எழுத்து முயற்சி அருகியே கிடந்தது. ஆயினும் 10-ஆம் நூற்றாண்டில் சாமானிய மரபினர் கிழக்கே அரசமைத்தபோது அம்மொழி எழுந்து நின்றது. தம் ஆட்சியில் திருக்குரானின் பெரிய உரைநூலொன்றைப் பாரசீகத்தில் ஆக்க, அறிஞரைக் கூட்டி இசைவு பெற்றார் மன்னர் மன்சூர். 1010-ஐ ஒட்டிப் பிர்தௌசி 50,000 ஈரடிகள் அளவிலான 'சாநாமா'வை முடித்தார். பழைய அரசர்களின் கதையை, அரபுச் சொற்களை மிகக் குறைவாகவே ஆண்டு, பாடிவைத்தார். எழுத்து அரபியிலிருந்து வந்ததுதான். அதில் இல்லாத தம் ஒலிகள் நான்கிற்கு நான்கு எழுத்துகளைத் தாமே படைத்துக்கொண்டனர். நம்மவர் அயலொலிக்கு அயலெழுத்தையே அப்படியே கொண்டுவந்து நுழைப்பது என் நினைவுக்கு வருகிறது. அதனைத் தனியே பேசவேண்டும்.

யான் மிக வியப்பது வேறொன்று. தொழுகைக்கு அரபியில் 'சலாத்து' என்று பெயர். நோன்புக்கு 'சவும்' என்று பெயர். பாரசீகர் அச்சொற்களை அன்றாட வழக்கில் முதன்மையாகக் கொள்ளவில்லை. தம் பழஞ்சொற்களாகிய 'நமாசு' என்பதையும் 'ரோசா' என்பதையுமே ஆண்டனர். இறைவனைக் 'குதா' என்றனர். வட இந்தியாவில் வழங்கும் இச்சொற்களை நம்மிற் பலர் அரபி என்றே எண்ணிக்கொண்டிருக்கின்றனர். ஒரு மறையை முழுதாய் ஏற்ற பின்னும் வழிபாட்டின் பெயரைத் தாய்மொழியில் வைத்துக்கொண்ட ஓரினத்தின் அடையாளம் அது!

துருக்கியரைப் பற்றியும் ஒரு சொல். 1928-இல் அவர்கள் இலத்தீன் எழுத்திற்கு மாறினர்; 1932-இல் மொழிக்கழகம் அமைத்து அரபு, பாரசீகச் சொற்களைக் களைந்து தூய துருக்கியச் சொற்களை ஆக்கினர். வானூர்திக்கு வழங்கிய அரபுச் சொல்லை நீக்கிப் 'பற' என்னும் தம் வினையடியிலிருந்து 'உச்சாக்கு' என்று அவர்கள் ஆக்கிய சொல் இன்று குழந்தைகளின் வாயில் இருக்கிறது. தனிச்சொல் ஆக்கினால் வழங்காது என்பார்க்கு இதனைக் காட்டுங்கள். அதே 1932-இல் தொழுகை அழைப்பையும் துருக்கியத்தில் மாற்ற அரசு ஆணையிட்டது, மக்கள் உளங்கொள்ளவில்லை, 1950-இல் அரபிக்குத் தடை நீங்கிற்று, அரபியே மீண்டது. சொல்லாக்கம் வேரூன்றியது, காவலரைக் கொண்டு மாற்றிய வழிபாடு வேரூன்றவில்லை. தமிழ் வழிபாடு வேண்டுவோராகிய நாம் இவ்வேறுபாட்டைக் கண்டும் காணாததுபோல் கடந்துவிடலாகாது.

மொழியை நெரித்தவர் அரபியர் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். இசுபானியத்தில் 1492-இல் கிரனாடா வீழ்ந்தது. கட்டாயமாகக் கிறித்தவராக்கப்பட்ட மூர் மக்களை, 1567-இல் இரண்டாம் பிலிப்பின் ஆணை, அரபி பேசவும் எழுதவும் கூடாதெனத் தடுத்தது. 1609 முதல் அவர்களையே நாடு கடத்தினர். கடல் கடந்து சென்ற அதே இசுபானியரிடை, 1562-இல் யுக்கத்தான் நாட்டு மானி என்னும் ஊரில், தியேகோ தெ இலாந்தா என்னும் துறவி மாயரின் ஏடுகளைத் தீயிலிட்டார். மாயரின் பழைய ஏடுகளில் இன்று உலகில் எஞ்சியவை நான்கே. 1770-இல் மூன்றாம் கார்லோசு மன்னன், அமெரிக்கப் பகுதிகளில் நாட்டுமொழிகள் ஒழிந்து இசுபானியமே வழங்கவேண்டும் என ஆணையிட்டான். மறைநூலைப் பெயர்த்த கையும் ஏட்டை எரித்த கையும் ஒரே நெறியின் கைகளே. இடையில் மால்த்தா என்னும் சிறுதீவைப் பாருங்கள். அங்குள்ளோர் பெரும்பான்மையும் கத்தோலிக்கர். அவர் பேசும் மொழியோ அரபியின் கிளை. கிறித்தவக் கோயிலில் நின்று இறைவனை 'அல்லா' என்றே அழைக்கின்றனர். தவக்காலத்தை 'ரந்தான்' என்கின்றனர். ரமலான் என்பதன் திரிபே அது. மதம் போனது, மொழி நின்றது!

மதம் ஒன்றாயிருந்தால் இனம் ஒன்றாகிவிடும் என்பார்க்கு வங்கம் விடை கூறிற்று. 1948-இல் தாக்காவில் சின்னா, உருதே பாக்கித்தானின் ஒரே ஆட்சிமொழி என்றார். கேட்டோரும் முசுலிம்களே, சொன்னவரும் முசுலிமே. 1952 பிப்பிரவரி 21-இல் தாக்கா மாணவர் வங்கமொழிக்காகத் துமுக்கிக் குண்டுக்கு நெஞ்சுகாட்டினர். 1956-இல் வங்கமும் ஆட்சிமொழியாயிற்று. 1971-இல் நாடே பிரிந்தது. அந்நாளையே 1999-இல் யுனெசுகோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. 1939-இலும் 1965-இலும் உயிரீந்த நம் மறவர்க்கு வங்க மாணவர் உடன்பிறந்தாராவர்.

இனி நம் வீட்டிற்கு வருவோம். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் வந்த கிறித்தவ நூல். சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. அச்சுக்கலைக்கும் அகரமுதலிக்கும் பாதிரிமார் ஆற்றிய தொண்டை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அவர்கள் நெடுங்காலம் கையாண்ட சொற்கள் எவை? வேதாகமம், பரிசுத்த ஆவி, ஞானசுநானம், செபம். வடமொழி கலந்தால்தான் மறைக்கு மதிப்பு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பிற்காலத்திலேதான் திருமுழுக்கு, தூய ஆவி, இறைவேண்டல் என்னும் சொற்கள் இடம்பெற்றன. 1995-இல் வந்த 'திருவிவிலியம்' அம்மாற்றத்திற்குப் பெருந்துணை.

தொழுகையை அரபியிலேயே நிகழ்த்தும் தமிழ் முசுலிம்களோ என்ன செய்தனர்? சலாத்து என்னாமல் தொழுகை என்றனர். சவும் என்னாமல் நோன்பு என்றனர். மசூதியைப் பள்ளிவாசல் என்றனர்; ஈதைப் பெருநாள் என்றனர்; மறையை ஓதுதல் என்றனர். உமறுப்புலவர் 5,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் நபிகளின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்கினார். நமாசும் ரோசாவும் பாரசீகரின் தன்மானம் என்றால், தொழுகையும் நோன்பும் பள்ளிவாசலும் தமிழரின் தன்மானம். மறையைப் பெயர்த்தோர் நெடுங்காலம் வடசொல் ஆண்டனர். பெயர்க்காதோர் தென்சொல் ஆண்டனர். மேடைக் கருத்து எங்கே நிற்கிறது, பாருங்கள்.

அயல்நாட்டில் பிறந்த நெறிகள் இரண்டும் இங்கு வந்து இவ்வளவு செய்தன. இங்கேயே பிறந்த நெறியின் கோயிலில் நிலை என்ன? 2020 பிப்பிரவரி 5-இல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு நடந்தது. அதனைத் தமிழில் நடத்துக என்று கேட்டு உயர்நெறிமன்றத்தின் மதுரைக் கிளை வரை செல்ல வேண்டியிருந்தது. முடிவில் வடமொழி, தமிழ் ஆகிய இரண்டிலும் நிகழ்ந்தது. இராசராசன் எடுத்த கற்றளியில், தமிழில் கல்வெட்டு நிறைந்த சுவர்களுக்கிடையே, தமிழ் தனக்குரிய இடத்திற்கு வழக்காடி நின்றது. 2021-இல் தமிழக அரசு கோயில்களில் 'அன்னைத் தமிழில்' வழிபாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. விரும்பிக் கேட்டால் தமிழில் போற்றி உண்டு. கேளாவிட்டால் பழைய முறையே. இதில் நான் அரசை மட்டும் குறைகூற மாட்டேன். கேட்டுப் பெறும் உரிமை நம் கையில் இருக்கிறது. பெயர்ப்பலகையும் தொலைபேசி எண்ணும் கோயிலில் வைத்திருக்கிறார்கள். நம் கூட்டங்களுக்கு வருவோருள் எத்துணைப்பேர் தம் இல்லத் திருமணத்திலும் புதுமனை புகுவிலும் தமிழ் கேட்டனர்? வங்கத்து மாணவரைப் போல் குண்டேந்தச் சொல்லவில்லை. பூத்தட்டை நீட்டும்போது வாய்திறந்து 'தமிழில் போற்றுக' என்று கேட்கச் சொல்கிறேன்.

அவைத்தலைவர் மணியை நோக்குகிறார். ஆர்மீனியரும் பாரசீகரும் எழுத்து வகுத்த முறைபற்றி இளந்தோழர் சிலர் முன்னரே என்னிடம் வினவினர். கூட்டம் முடிந்தபின் அவர்களோடு அமர்ந்து பேச அணியமாக உள்ளேன்.